ஒரு வள்ளம் ராகி

புங்கங்காட்டுத் தோட்டம்,
பவானி வழி.
5.8.1996

நஸ்ரியா,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். பிரிக்காமல் வைத்துவிடாதே. உன் மூன்று கடிதங்களும் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றும். அந்த வரி வராது, எழுந்துவிடுவேன். அப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது.

எனக்கு ஒரு பெண் குழந்தை. லோகப்பிரியா. பத்து மாதம். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆறாம் மாதத்திலிருந்து ராகிதான் அவளுக்குச் சாப்பாடு. ஊறவைத்து, அரைத்து, துணியில் பால் பிழிந்து காய்ச்சிக் கொடுக்கிறேன். எல்லாம் எங்கள் தோட்டத்து ராகி. போன வாரம் இரண்டு நாள் குடித்ததும் கக்கிவிட்டாள். பல் முளைக்கிறது, அதனால்தான் என்றார் டாக்டர். நானும் நம்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெள்ளை டின் கிடப்பதைப் பார்த்தேன். களை மருந்து. இங்கே களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, எல்லாப் பெண்களும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அதனால் மாமா, அதாவது என் மாமனார், போன வருஷத்திலிருந்து மருந்துக்கு மாறிவிட்டார். எந்தக் காட்டுக்கு அடித்தார், எவ்வளவு அடித்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் குற்றம் சொல்வது போலாகும்.

நீ வேலை பார்க்கும் லேபில் தானியத்தில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பீர்களாமே. எங்கள் ராகியைப் பார்த்துச் சொல்வாயா? போனில் கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டு போன் நடுக்கூடத்தில் இருக்கிறது.

பிரவீனா

*

கோட்டைமேடு,
கோவை-1.
10.8.1996

பிரவீ,

மன்னிப்புக் கேட்கிற வரி வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், இப்போதும் வரவில்லை. போகட்டும், குழந்தையின் பெயரை எழுதியிருக்கிறாய். அதையே அந்த வரியாக எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த பிராஜெக்டைப் பாதியில் போட்டுவிட்டு நீ மாலையும் கழுத்துமாக நின்றாய். வைவாவில், "உங்க பார்ட்னர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். "பவானியில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து மொய் வாங்கிக்கொண்டிருக்கிறாள் சார்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கல்யாணத்துக்கு வந்து பிரியாணி இல்லாத பந்தியில் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பியவள் நான் என்பதை மறக்காதே.

சரி, ராகி. எங்கள் லேபில் பதிவு செய்து, எண் போட்டு, முறைப்படிதான் எதையும் வாங்குவோம். இது தனியாக நான் பார்ப்பது, அதனால் ஒரு கிலோ போதும். எடுப்பதுதான் முக்கியம். டிரம்மில் மேலே, நடுவில், அடியில் என்று ஐந்து இடத்தில் கையை விட்டு எடு. கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். வேறு எந்தப் பாத்திரமும் அதில் படக்கூடாது. புதுப் பையில் போட்டு வாயைக் கட்டிவிடு. யாரிடமும் கொடுத்து எடுக்கச் சொல்லாதே, நீயே எடு.

பல் முளைக்கும்போது எல்லாக் குழந்தையும் கக்கும். டாக்டர் சொன்னதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நஸ்ரியா

*

புங்கங்காட்டுத் தோட்டம்
17.8.1996

நஸ்ரி,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். லோகு என்னவோ ஏதோவென்று என் வாயையே பார்த்தாள். அவள் அம்மா சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது போலிருக்கிறது.

மதன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஒரு வேலையாக நாளைக்குக் கோவைக்கு வருகிறார். அவரிடம் ராகியைக் கொடுத்தனுப்புகிறேன். நீ சொன்னபடி பை புதுசு. ஒரு கிலோவுக்கு மேலேயே இருக்கும், தப்பாக நினைக்காதே. கொடுப்பது என்றால் அத்தைக்குக் கை தாராளம்.

இங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. மதனுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் அவர் அப்பாவுக்குத் தெரிந்த மாதிரிதான்.

முடிவு வரும் வரை லோகுவுக்கு ராகியை நிறுத்திவிட்டேன். டின் மாவு கரைத்துக் கொடுக்கிறேன். முதல் வாயை உள்ளே விட்டுக்கொள்கிறாள், இரண்டாவதை என் மேலேயே துப்பிவிடுகிறாள். "ராகி குடுத்தா என்ன அம்மணி?" என்று அத்தை கேட்டதற்கு டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

சீக்கிரம் எழுது.

பிரவீனா

*

கோட்டைமேடு
29.8.1996

பிரவீ,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் ராகியில் மருந்து இருக்கிறது. பூட்டாகுளோர் என்கிற களைக்கொல்லி. ஒரு கிலோவில் அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் தானியத்தில் இருக்கவேண்டிய அளவு இல்லை. தப்பாக இருக்கும் என்று மறுபடி பொடித்து மறுபடி மெஷினில் ஓட்டினேன். தாளில் அதே இடத்தில் அதே உயரத்துக்குக் கோடு எழுந்தது.

பயப்படாதே என்று சொன்னால் பயப்படுவாய். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இந்த அளவை நாலு மாதம் சாப்பிட்டதால் குழந்தைக்கு இன்னது ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒன்றும் ஆகாமலே போகலாம். ராகியை நிறுத்தியது சரி. குழந்தையை ஒரு தடவை நல்ல டாக்டரிடம் காட்டு. ஆர்.எஸ்.புரத்தில் ஒருவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வந்தால் நானும் வருகிறேன்.

இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லாதே. உன் வீட்டுக்காரர் பையைக் கொண்டுவந்தது ஞாயிற்றுக்கிழமை, லேப் இல்லை, வீட்டில் வைத்தேன். லேபுக்கு ஒரு கிலோ எடுத்து வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். மிச்சம் இரண்டு கிலோவில் அம்மா அடை சுட்டுவிட்டாள். அத்தா நாலு அடை சாப்பிட்டார். பதினோரு நாள் ஆகிறது. நேற்றுக்கூட மீன்காரனோடு சண்டை போட்டார், குரலில் ஒரு குறையும் இல்லை.

உன்
நஸ்ரியா

*

புங்கங்காட்டுத் தோட்டம்
3.9.1996

நஸ்ரி,

எல்லாம் போட்டு உடைத்துவிட்டேன்.

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழும் வரை கூட எனக்குப் பொறுக்கவில்லை. கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இது நம் ராகி, கோவையில் கொடுத்துப் பரிசோதனை செய்தேன் என்றேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு தடவை படித்தார்.

"மேட்டாங்காட்டு ராகிக்கு நான் மருந்தே அடிக்கலீயே அம்மணி. அது கைக்களை எடுத்தது கண்ணு."

"மெசின் பொய் சொல்லாதுங்க மாமா."

இப்படித்தான் சொன்னேன். எனக்கு என்ன குரல் வந்தது என்று அப்புறம்தான் காதில் கேட்டது.  அவர் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. அத்தைதான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எங்கையால அளந்து குடுத்ததையே நஞ்சுன்னு காயிதத்துல எழுதி வாங்கிப்போட்டியே" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து மாமா லோகுவைத் தூக்குவதில்லை. காலையில் அவள் எழுந்ததும் முதலில் போவதே அவரிடம்தான். தவழ்ந்து போய் வேட்டியைப் பிடித்து நிற்கிறாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மாகிட்டப் போ கண்ணு" என்கிறார். நேற்று என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "எங்கையில கூட அது இருக்குமா அம்மணி? மருந்து புடிச்ச கைதானுங்களே." எனக்கு மரியாதை வைத்துப் பேசுகிறார். அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

குழந்தையை பவானியிலேயே காட்டினேன். நன்றாக இருக்கிறாள் என்கிறார்கள். ஆனால் எடை முக்கால் கிலோ குறைந்திருக்கிறது. டின் மாவைத் தொடமாட்டேன் என்கிறாள். எனக்கு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை நஸ்ரி. இந்தத் தோட்டத்தில் விளைகிற எதை எடுத்தாலும் திரும்ப வைத்துவிடுகிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருக்கிறது. அங்கே கடை அரிசி. அது எந்தக் காட்டில் விளைந்ததோ, அதுவும் தெரியாது.

பிரவீனா

*

கோட்டைமேடு
7.9.1996

பிரவீ,

ஈரோட்டுக்குப் போகாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும் வரையாவது போகாதே.

மாமாவுக்கு நீ சொன்ன பதிலை நான்தான் உன் வாயில் கொடுத்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் என் மேஜைக்கு வந்த ராகியில் மருந்து இருக்கிறது என்று மட்டும்தான் அது சொன்னது. உங்கள் டிரம்மில் இருக்கிறது என்று சொன்னது நான். அதுவும் யோசிக்காமல்.

உன் கடிதத்தில் "கைக்களை எடுத்தது" என்று மாமா சொன்னதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. பூட்டாகுளோர் நெல்லுக்குப் போடுகிற மருந்து. நாற்று நட்ட மூன்றாம் நாள், தண்ணீர் கட்டிய வயலில், மணலில் கலந்து வீசுவார்கள். மானாவாரி ராகிக்கு அதைப் போடவும் மாட்டார்கள், போட்டால் வேலையும் செய்யாது. அப்படியே யாராவது போட்டிருந்தாலும் விதைத்த சமயத்தில் போட்டது, அறுத்து, அடித்து, மாதக்கணக்கில் டிரம்மில் கிடந்த தானியத்தில் இவ்வளவு நிற்காது. இது பழைய மருந்து இல்லை. புதுசாகப் பட்டது. இரண்டு தடவை மெஷினில் ஓட்டியவள் இதை ஒரு தடவை யோசித்திருக்க வேண்டும்.

இப்போது நான் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல். ராகியை எடுத்தது நீயா? உன் கையால்தானா? டிரம்மிலிருந்து பைக்குள் போகும் வரை அது எதையெதைத் தொட்டது?

நான் ஒரு கிலோ கேட்டேன், வந்தது மூன்று கிலோ. "கொடுப்பது என்றால் அத்தைக்குக் கை தாராளம்" என்று எழுதியிருந்தாய். "எங்கையால அளந்து குடுத்தது" என்று அவர் சொல்லியிருக்கிறார். எதில் அளந்தார் பிரவீ?

நஸ்ரியா

*

புங்கங்காட்டுத் தோட்டம்
12.9.1996

நஸ்ரி,

நான் எடுக்கவில்லை.

உன் கடிதத்தில் இருந்தபடி எடுக்கத்தான் நினைத்தேன். டிரம் அத்தையின் அறையில் இருக்கிறது. ஐந்து இடத்தில் கையை விட்டுத் துழாவினால் ஏன் என்று கேட்பார். அதனால், "என் சிநேகிதி வீட்டுக்குக் கொஞ்சம் ராகி வேணுமாமுங்க அத்தை" என்று சொன்னேன். எனக்குச் சிநேகிதி இருக்கிறாள் என்பதே அவருக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. இந்த வீட்டில் ஒரு வழக்கம். வீட்டுச் செலவுக்கு எடுப்பதை டம்ளரில் எடுப்போம். வெளியே ஒருத்தருக்குக் கொடுப்பதை மட்டும் வள்ளம் என்கிற பெரிய படியில்தான் அளக்க வேண்டும். கையால் அள்ளிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வாங்குகிறவர்களை இளக்காரம் செய்தது போலாகும். அந்த இரும்பு வள்ளம் மாட்டுக்கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும். அத்தை அதை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, கூம்பு விழும் வரை குவித்து, அதற்கு மேலும் ஒரு கை போட்டு உன் பையில் கொட்டினார். அளந்துவிட்டார், எடுத்தாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு வள்ளத்தை எடுத்து மோந்து பார்த்தேன். அடியில் பட்டை சேரும் இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் வாடை. விரலை விட்டுத் தடவினால் பொடி மணல்.

ராசாத்தாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். எங்கள் வயல் வேலைக்கு மீதமிருக்கும் நாலு பேரில் அவள்தான் மூத்தவள். ஆகஸ்ட் முதல் வாரம் வாய்க்கால் வயலில் நடவு முடிந்து மருந்து போட்டபோது, மருந்து கலந்த மணலை அஞ்சு வயலுக்கும் சமமாகப் பிரிக்க வள்ளத்தைக் கொண்டுபோயிருக்கிறாள்.

"கண்ணளவுக்குப் போட்டா ஒரு வயலுக்குக் கூடும், ஒரு வயலுக்குக் கொறையுமுங்க. அதுக்குத்தான் எடுத்துட்டுப் போனேன். வாய்க்கால்ல அலசிப்போட்டுத்தானுங்க மாட்டுனேன்."

அவள் மேல் என்ன தப்பு? எல்லாம் சரியாகச் செய்ய நினைத்தவள். அத்தையும் அப்படித்தான். தப்பாகச் செய்தவள் நான் ஒருத்திதான். வேண்டியதை வேண்டியபடி கேட்டிருந்தால் அந்த வள்ளம் சுவரிலேயே இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அந்த வள்ளத்தில் யாருக்கு அளந்தார் என்று அத்தையிடம் கேட்டேன். "உன்ற சிநேகிதிக்கு மட்டுந்தான்" என்றார். உன் அத்தாவை நினைத்துக்கொண்டேன். அடை விஷயத்தைச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார்.

மாமாவிடம் போய் நின்றேன். ராகியில் இல்லாமல் இருக்கலாம் மாமா, நான் சொன்னது தப்பு, பொய் சொல்லி எடுத்தனுப்பியதும் தப்பு என்றேன். அவர் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். "செரி அம்மணி" என்றார். மண்வெட்டியை நிறுத்தவில்லை. லோகுவை இன்னமும் தூக்கவில்லை. 'இருக்கலாம்' என்று சொன்னால் அவருக்குப் போதாது போலிருக்கிறது. உண்மையில் எனக்கும் போதவில்லை. காலையில் ராகியை ஊறவைத்தேன். மதியம் மாட்டுக்கு ஊற்றிவிட்டேன்.

இந்தத் தடவை நானே எடுத்து நானே கொண்டுவருகிறேன். எல்லோருக்கும் சொல்லிவிட்டு. தேதி மட்டும் எழுது.

நஸ்ரி, அந்த வரி இப்போது வருகிறது. என்னை மன்னித்துவிடு. பிராஜெக்டுக்கு, மூன்று கடிதத்துக்கு, இந்த ராகிக்கு.

பிரவீனா

*

கோட்டைமேடு
25.9.1996

பிரவீ,

தேதி எழுதாமல் இத்தனை நாள் ஏன் இருந்தாள் என்று என்னைத் திட்டியிருப்பாய். எழுதக் கூடாது என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். நேற்றுத்தான் அனுமதி கிடைத்தது.

போன பதினாறாம் தேதி லேபுக்கு வந்தேன். வாசலில் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மஞ்சள் துணிப்பை இரண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். யாரிடமும் கேட்காமல் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏனுங்க, நஸ்ரியா அம்மணிங்களா? நான் பிரவீனாவோட மாமனாரு. பாலுசாமிங்க. முதல் பஸ்ஸுக்கே வந்துபோட்டேன்."

மோட்டார் காயில் கட்டக் கொடுக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாராம். மருமகளுக்கு ஏற்ற மாமனார்.

ஒரு பையில் ராகி, ஒரு பையில் அரிசி. ஐந்து இடத்தில் கையை விட்டு எடுத்தாராம். எப்படி எடுப்பது என்று நான் எழுதிய கடிதத்தை நீ அவரிடம் காட்டினாயாமே, அதில் இருந்ததைக் கடைசி வரி வரை மனப்பாடமாகச் சொல்கிறார். அரிசி எதற்கு என்றேன். "மருந்து போட்டது அதுலதானுங்களே. ராகிய விட எனக்கு இதுலதான் பயம்" என்றார்.

பதிவேட்டில் அவர் பெயரில் எழுதினோம். எங்கள் தலைமை ஆய்வாளர் பாலகோபால் சாரிடம் முதல் தடவை தனியாகச் செய்ததையும் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாதிரி எப்படி எடுத்தது என்று கேட்காமல் முடிவு சொல்கிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றார். உண்மைதானே, கேட்டுக்கொண்டேன்.

நேற்று முடிவு வாங்க மறுபடி வந்தார். தபாலில் வரும் என்று சொல்லியிருந்தும் வந்தார். மெஷினைப் பார்க்கலாமா என்று கேட்டார். தானியச் சாற்றில் ஒரு சொட்டை ஊசியால் உள்ளே விடுவோம், மருந்து இருந்தால் ஓடுகிற தாளில் பேனா ஒரு மேடு போடும், இல்லையென்றால் நேராகப் போய்விடும் என்று சொல்லி, ராகியின் தாளை விரித்துக் காட்டினேன். மேடு வரவேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை பிரவீ. சுத்தம். அந்த இடத்தைத் தொடாமல், ஒரு அங்குலம் மேலே விரலை வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

அரிசியையும் சொல்லிவிட வேண்டும். உனக்கு இனி எதையும் பாதியாக எழுத மாட்டேன். துளி இருக்கிறது. அனுமதித்த அளவுக்கு ரொம்பக் கீழே. சாப்பிடலாம், நானாக இருந்தால் சாப்பிடுவேன். அதைக் கேட்டதும் அவராகவே, டின்னில் எழுதியிருந்ததற்கு மேல் ஏக்கருக்கு ஒரு மூடி கூட ஊற்றியதாகச் சொன்னார். கடைக்காரர் சொன்னாராம். எழுதியிருப்பதற்கு மேல் வேண்டாமுங்க என்றேன். பேனா வாங்கி உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அந்தத் தாள் கிடைக்குமா என்றார். வெளியே தரக்கூடாது. பாலகோபால் சார் எடுத்துப் போய் ஒரு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் அழுத்திக்கொண்டே படி இறங்கினார்.

இனி ராகி கொடு. பயப்படாமல் கொடு.

நஸ்ரியா

*

புங்கங்காட்டுத் தோட்டம்
29.9.1996

நஸ்ரி,

உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே மாமா வந்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் காயில் எங்கே என்று அத்தை கேட்டதற்கு, "காயில் நல்லாத்தான் இருக்குதாம்" என்றார்.

கிணற்றடிக்குப் போய்க் கையையும் காலையும் கழுவினார். வேட்டி மாற்றிக்கொண்டார். லோகு வாசலில் பாயில் உட்கார்ந்து ஒரு மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் போய் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ கோயில் ரசீது என்று நினைத்தேன்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்து நாலு நாளைக்கப்புறம். அவளுடைய சுட்டு விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினார்.

"பாரு கண்ணு. ஒண்ணுமில்ல பாரு. நேராப் போகுது பாரு."

மறுபடியும் ஓட்டினார். அவர் குரல் போன விதத்தைக் கேட்டு அத்தை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். என்ன தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தைக்குச் சொன்னேன். அவர் உள்ளே போய் டிரம்மைத் திறந்தார். ஊறவைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் லோகு ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னொன்றுக்கு வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும் வரைக்கும் மாமா நிலைப்படியில் நின்றுகொண்டே இருந்தார், அப்புறம்தான் வயலுக்குப் போனார்.

அரிசி விஷயத்தை உன் கடிதத்துக்கு முன்பே அவராகச் சொல்லிவிட்டார். உள்ளங்கையைக் காட்டினார், பாதி அழிந்துபோயிருந்தது. அடுத்த போகத்துக்கு டின்னில் எழுதியிருப்பதை நான் பக்கத்தில் நின்று படித்துச் சொல்ல வேண்டுமாம். அளந்து ஊற்றுவதும் நான்தானாம். "நீ படிச்ச படிப்பு எங்களுக்கு உதவட்டும் அம்மணி" என்றார். குத்திக் காட்டுகிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொன்னார். நீ ஒரு தடவை வந்து எனக்குச் சொல்லிக்கொடு, இரண்டு வருஷத்தில் பாதி மறந்துவிட்டது. அத்தாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அடை விஷயத்தை அத்தையிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சாயங்காலத்தை முழுசாகச் சொல்லவில்லை. மாமா மூன்றாவது தடவை அவள் விரலைப் பிடிக்கப் போனபோது, லோகு தாளைப் பிடுங்கி ஒரு மூலையை வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். மாமா பதறிப்போய் என்னைப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிடுங்க வேண்டுமா, விடலாமா என்று என் முகத்தில் தேடினார்.

ஜெராக்ஸ் மை, யார் யாரோ தொட்ட தாள், பஸ்ஸில் வந்த தாள். எல்லாம் எனக்குத் தோன்றியது நஸ்ரி, ஒன்று விடாமல் தோன்றியது. நான் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

"நீங்களே எடுத்துடுங்க மாமா" என்றேன்.

அவர் தன் விரலை அவள் வாய்க்குள் விட்டு, அந்தத் துண்டை மெதுவாக எடுத்தார்.

பிரவீனா